தனுஷ்கோடி முத்திரைக்கு நான் வைத்த விலை

இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தைக் காட்டும் பழைய பட அஞ்சலட்டைகள் இணைய ஏலங்களில் அவ்வளவு அரிதானவை அல்ல. ஆண்டுக்குச் சிலவாவது என் கண்ணில் படுகின்றன. பெரும்பாலும் ஏழெட்டுப் பவுண்டுக்குள் விலைபோய்விடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதத்தில், இங்கிலாந்து விற்பனையாளர் ஒருவர் ஈபே தளத்தில் வைத்திருந்த அட்டையும் முதற்பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. தென்னிந்தியக் கோயிலின் உட்புறம் என்று மட்டும் தலைப்பிட்டிருந்தார். மூன்றாவது படமாக அட்டையின் பின்புறத்தைச் சேர்த்திருந்தார். அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த அஞ்சல்தலையின் மேல் பாதி மங்கிய வட்ட முத்திரை ஒன்று தெரிந்தது. அதன் விளிம்பில் ஊர்ப்பெயரின் முன்பாதி அழிந்து, ‘ஷ்கோடி’ என்று ஒலிக்கும் ஆங்கில எழுத்துகள் மட்டும் எஞ்சியிருந்தன.

தனுஷ்கோடி முத்திரை என்றால் என்ன என்பது எங்கள் பக்கத்துச் சேகரிப்பாளர்களுக்குத் தெரியும். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னை எழும்பூரில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய், மீண்டும் ரயிலில் கொழும்பு சேரலாம் என்ற நிலை வந்தது. அதற்கு முன்னர் அந்தப் போக்குவரத்து எங்கள் தூத்துக்குடி வழியாக நடந்தது. ரயில் நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சலகம் எல்லாம் கொண்டிருந்த தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் வீசிய புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் அதில் இருந்தவர்களோடு கடலில் போனது. அந்த அஞ்சலகத்தின் முத்திரை விழுந்த தாள்கள் இனி ஒன்றுகூடக் கூடப்போவதில்லை. இருப்பவை எங்கெங்கோ, யார் யாருடைய பழைய பெட்டிகளிலோ கிடக்கின்றன.

ஏலம் முடிய ஆறு நாள் இருந்தது. ஒருவர் ஐந்து பவுண்டு கேட்டிருந்தார். நான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

நமக்குப் பழக்கமான ஏலத்தில் கடைசி நொடி என்று ஒன்று கிடையாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவரும், கோயில் திருவிழாவில் மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் ஏலம் விடுகிறவரும் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று சொல்லிக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் இடையில் யாராவது குரல் கொடுத்தால் எண்ணிக்கை மறுபடி முதல் தரத்திலிருந்து தொடங்கும். விலை கூட்ட மனமுள்ள ஒருவர் இருக்கும்வரை ஏலம் முடியாது. மூன்று தரம் சொல்வதை வெறும் சடங்கு என்றே நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது கடைசி நேரத் தந்திரத்தைத் தடுக்கும் ஒரு விதி என்பது, கடிகாரத்தோடு முடியும் ஏலங்களில் சில கவர்களை, அதாவது தலையும் முத்திரையுமாக அஞ்சலில் போய்வந்த பழைய உறைகளை, இழந்த பிறகுதான் விளங்கியது.

கடிகாரத்துக்கு மூத்தது மெழுகுவர்த்தி. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு சிறு துண்டு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, அது அணையும் கணத்தில் கடைசியாகக் கேட்டவருக்கே பொருள் என்று கப்பல்களைக்கூட ஏலம் விட்டார்கள். 1662இல் அத்தகைய ஏலம் ஒன்றைப் பார்க்கப்போன சாமுவேல் பெப்பீஸ், மற்றவர்களைவிடச் சரியாகக் கடைசிக் கணத்தில் குரல் கொடுத்த ஒருவரைக் கவனித்து, அவரிடமே இரகசியத்தைக் கேட்டுத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்: சுடர் அணைவதற்குச் சற்று முன் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதே அந்த மனிதர் சொன்னது. முடிவு நேரம் வெளியிலிருந்து நிர்ணயிக்கப்பட்டால், அந்த நேரத்தைக் கண்காணிக்கிற கலை தானாகப் பிறந்துவிடுகிறது. இன்று அதற்கு ஸ்னைப்பிங் என்று பெயர். அதாவது, மறைந்திருந்து சுடுதல்.

ஈபேயின் ஏலம் கடிகாரத்தோடு முடிகிறது. ஆனால் அதன் உள்ளே வேறொரு விதியும் வேலை செய்கிறது, புதியவர்கள் பலர் அதைச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. நாம் தளத்தில் இடுகிற தொகை நாம் கொடுக்கிற விலை அன்று. அது நம் உச்சவரம்பு. நாம் நாற்பது பவுண்டு என்று இட்டு, அடுத்தவரின் உச்சவரம்பு இருபதாக இருந்தால், இருபதோடு ஒரு படி, அதாவது ஒரு பவுண்டு, சேர்த்து இருபத்தொரு பவுண்டில் விலை நிற்கும். மிச்சமுள்ள பத்தொன்பது பவுண்டு நமக்கும் கணினிக்கும் மட்டுமே தெரியும். ஆக, வெல்கிறவர் தருவது ஏறத்தாழ இரண்டாம் இடத்தில் நின்றவரின் விலையைத்தான்.

இந்த விதியை ஆராய்ந்து 1961இல் புகழ்பெற்ற கட்டுரை எழுதியவர் வில்லியம் விக்ரி என்ற பொருளியலறிஞர். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் அவர் இறந்துபோனார். ஆனால், அஞ்சல்தலைக்காரர்களான எங்கள் இனத்தார் இதில் அவருக்கு முன்னோடிகள் என்பதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. 1893ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அஞ்சல்தலை விற்பனையாளர்கள் அஞ்சல்வழி ஏலங்களை இதே முறையில் நடத்தியிருக்கிறார்கள். தொலைவில் இருக்கும் சேகரிப்பாளர் தம் உச்சத் தொகையைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார். வென்றால் இரண்டாமவரின் தொகைக்குச் சற்றே மேலாக மட்டும் கொடுப்பார். நேரில் வர முடியாதவரும் நேரில் நின்றவரைப்போல ஏலம் கேட்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவையிலிருந்து அது வந்தது.

இம்முறை நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உச்சத் தொகை எழுதிய உறையை வைத்திருப்பவர் நேர்மையானவராக இருக்க வேண்டும். 1797இல் ஜெர்மானியக் கவிஞர் கதே தம் நெடுங்கவிதை ஒன்றை வெளியிட விரும்பிய பதிப்பாளருக்கு ஏறத்தாழ இதே ஏற்பாட்டைச் சொன்னார். தாம் எதிர்பார்க்கும் தொகையை மூடிய உறையில் எழுதி இடையிலிருந்த ஒருவரிடம் கொடுத்தார். பதிப்பாளர் கேட்கும் தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் பேச்சு முறிந்தது. அதிகமாக இருந்தாலும் உறையில் உள்ளதைத் தந்தால் போதும். உறைக்குள் எழுதியிருந்தது ஆயிரம் தாலர்; தாலர் என்பது பழைய ஜெர்மானிய நாணயம். பதிப்பாளர் கேட்டதும் மிகச் சரியாக ஆயிரம். இடைநின்றவர் விஷயத்தைக் கசியவிட்டிருந்தார். இன்றைய ஏலங்களிலும் விற்பவரின் ஆளே வேறு பெயரில் புகுந்து, நம் உச்சவரம்பு எங்கே இருக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து விலையை ஏற்றுவது உண்டு. தளங்கள் இதைத் தடைசெய்கின்றன என்றாலும் வேரோடு ஒழிந்தபாடில்லை. நான்கு நாள் முன்னதாக நம் உச்சவரம்பை இட்டுவைத்தால், அப்படித் தொட்டுப்பார்க்க நான்கு நாள் அவகாசம் தருகிறோம் என்று பொருள்.

விக்ரியின் கணக்கு, பொருள் நமக்கு எவ்வளவு பெறுமோ அந்தத் தொகையை மறைக்காமல் இடுவதே சிறந்தது என்று சொல்கிறது. அப்படியானால் முதல் நாள் இட்டாலென்ன, கடைசி நொடியில் இட்டாலென்ன? இந்தக் கேள்வியை ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் எடுத்துக்கொண்டு, 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்தி வந்தது. அங்கே கடைசிப் பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் ஏலம் தானாக நீளும். மூன்று தரம் சொல்வதற்கு நிகரான விதி அது. ஈபேயில் கடைசி நிமிடக் கேட்புகள் குவிந்தன, அமேசானில் அப்படிக் குவியவில்லை. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றியது அவர்கள் கண்ட இன்னொன்று: ஈபேயில் கணினிகளுக்கான ஏலங்களைவிடப் பழம்பொருள் ஏலங்களில் இந்தக் கடைசி நேரக் கூட்டம் அதிகம்.

கணினியின் விலை எல்லோருக்கும் தெரியும். பழம்பொருளின் விலை, அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். அப்படிப் படிக்கத் தெரிந்த ஒருவர் தொகை இடும்போது, இங்கே ஏதோ இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறார். ஏழு பவுண்டு அட்டைக்குத் திடீரென்று மூன்று பேர் கேட்டால், நான்காவது ஆள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். நான் கடைசி நொடிவரை மறைத்து வைப்பது என் பணத்தை அன்று, என் அறிவை. இருபது ஆண்டுகளாக முத்திரைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏல மேடையில் உள்ள ஒரே சாதகம் அதுதான். எனக்கு இந்தத் துறையைக் காட்டித்தந்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர், நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்போம், இணையம் வருவதற்கு முன்பே இதை வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார்: “கடைக்காரர் முன்னால ஒரு கவரை ரெண்டாந்தரம் திருப்பிப் பாக்காதீங்க தம்பி. விலை ஏறிரும்.”

இரண்டாவது காரணம், எதிரில் இருப்பவர்களின் பழக்கம். பலர் உச்சவரம்பை இடுவதே இல்லை. ஒருவர் தம்மை முந்தினால், ஒரு படி ஏற்றிக் கேட்டுப் பார்க்கிறார்கள். மறுபடி முந்தப்பட்டால் மறுபடி ஏற்றுகிறார்கள். இவர்களிடம் முன்கூட்டியே கேட்பது வலியப் போய்ச் சண்டைக்கு அழைப்பதாகும். ஆறு வினாடி மிச்சமிருக்கும்போது வரும் தொகைக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது காரணத்தை நான் என்னிடமிருந்தே அறிந்தேன். ஐந்து நாள் தொடர்ந்து ஒரு பொருளின்மேல் நம் பெயரே முன்னணியில் நின்றால், அது நம்முடையதாகிவிட்டது என்ற உணர்வு வந்துவிடுகிறது. ஆல்பத்தில் எந்தப் பக்கத்தில் வைப்பது என்றுகூட யோசித்துவிடுகிறோம். கடைசி நிமிடத்தில் ஒருவர் முந்தும்போது நாம் ஏலம் கேட்பவராக நடந்துகொள்வதில்லை, பொருளைப் பறிகொடுப்பவராக நடந்துகொள்கிறோம்.

இந்தத் தவறுக்கு நான் கொடுத்த விலையை இன்னும் மறக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் போன, விக்டோரியா காலத்துக் கவர் ஒன்று டாலர் விலையில் ஏலத்துக்கு வந்தது. முதல் நாளே கேட்டுவைத்தேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மாலை ஏழு மணிக்கு முடியும் ஏலம் அது. கோடை மாதங்களில் நமக்குக் காலை ஏழரை. பணிக்குக் கிளம்பும் நேரத்தில், கடைசி நான்கு நிமிடங்களில், முகம் தெரியாத ஒருவரோடு ஒவ்வொரு டாலராக ஏற்றி ஏற்றி, நான் நினைத்திருந்ததைப்போல மூன்று மடங்குத் தொகையில் வென்றேன். கை நடுங்கியது, உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தேன். கவர் கைக்கு வந்தபோதுதான் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். அஞ்சல்தலையின் மேல் விழுந்திருந்த முத்திரையின் வளைவு, தாளின் மேல் தொடர வேண்டிய இடத்தில் தொடரவில்லை. தலை வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டிருந்தது. விற்பவர் ஏமாற்றினாரா, அவருக்கே தெரியாதா என்பது எனக்குத் தெரியாது. அவர் போட்ட படத்திலேயே அது தெரிந்தது. நான் அந்த ஐந்து நாளில் ஒருமுறைகூட அப்படிப் பார்க்கவில்லை.

எண்ணெய் வயல் ஏலங்களைப் பற்றி மூன்று அமெரிக்கப் பொறியாளர்கள் 1971இல் எழுதிய கட்டுரையில் இதற்கு விளக்கம் இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் உரிமம் பெற்ற நிறுவனங்கள் எதிர்பார்த்த இலாபத்தைக் காணாதது ஏன் என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். கடலுக்கு அடியில் எவ்வளவு எண்ணெய் உண்டு என்று எல்லோரும் மதிப்பிடுகிறார்கள். சிலர் குறைத்தும் சிலர் கூட்டியும் மதிப்பிடுவார்கள். மிகவும் கூட்டி மதிப்பிட்டவருக்கே ஏலம் கிடைக்கிறது. வென்றவரின் சாபம் என்று பின்னாளில் இதற்குப் பெயர் நிலைத்தது. என் கவரில் பத்துப் பேர் அந்த வளைவைக் கவனித்து விலகியிருக்கலாம். கவனிக்காமல் எஞ்சிய இருவர்தாம் நான்கு நிமிடம் போரிட்டோம் போலும்.

அதன்பின் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். ஏலத்துக்கு மூன்று நாள் முன்னதாக, படங்களை ஒரு மணி நேரம் பார்த்து, குறைகளை எழுதி, அஞ்சல் செலவையும் சுங்க வரியையும் கழித்து, ஒரே ஒரு தொகையை எழுதுவேன். நம் நாட்டு ஏல நிறுவனங்களில் என்றால் அவர்கள் வாங்குபவரிடம் தனியே பெறும் கமிஷனும் அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. அதைக் கழிக்காமல் எழுதும் தொகைக்குப் பொருளே இல்லை. முழு எண்ணாக எழுத மாட்டேன். ஐம்பது என்று நினைப்பவர்கள் உலகெங்கும் ஏராளம். ஒரே தொகையை இருவர் இட்டால் முதலில் இட்டவருக்கே பொருள் போகும் என்பதால், கடைசியில் வருகிறவர் ஐம்பதோடு சில காசு சேர்த்து இட வேண்டும். கடைசி நொடியில் தொகையை இட்டுத்தரும் தானியங்கிச் சேவைகளும் இருக்கின்றன. நெஞ்சு படபடக்கும் நேரத்தில் மனம் மாறாமலிருக்க அவை உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு என் கையாலேயே இடுவதுதான் பிடிக்கிறது.

நேரம் நீளும் ஏலங்களில் இந்தக் காத்திருப்புக்கு வேலையில்லை. அங்கே ஒவ்வொரு புதிய கேட்புக்கும் சில நிமிடங்கள் கூடிக்கொண்டே போகும். களைப்பும் பிடிவாதமுமே விலையைத் தீர்மானிக்கும். அத்தகைய ஏலங்களில் நோட்டில் உள்ள தொகையை இட்டுவிட்டுத் திரையை மூடிவிடுகிறேன்.

தனுஷ்கோடி அட்டைக்கு நான் எழுதிய தொகை 41 பவுண்டு 37 பென்ஸ். அதை எப்படி அடைந்தேன் என்பதும் நோட்டில் இருக்கிறது. பாம்பன், மண்டபம் முத்திரைகள் கொண்ட சில அட்டைகள் என்ன விலைக்குப் போயின என்று பார்த்தேன். அதைப்போல இரண்டு மடங்கு என்று கணக்கிட்டேன். முத்திரை பாதி மங்கியிருந்ததற்காகச் சற்றுக் குறைத்தேன். அப்போது அது நியாயமான கணக்காகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு இங்கிலாந்தில் முடியும் ஏலம், குளிர்காலமாதலால் நமக்கு ஒன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள். ஒரு மணிக்கு விலை ஏழரைப் பவுண்டு. ஒன்று இருபத்தைந்துக்கும் அதே ஏழரை. வேறு யாரும் மூன்றாவது படத்தைப் பார்க்கவில்லை என்ற நம்பிக்கை மெல்ல வந்தது. வந்ததும் பயமும் வந்தது, ஏனென்றால் என்னைப்போலவே வேறொருவர் வேறோர் ஊரில் விழித்துக்கொண்டு அதே நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தாலும் திரையில் ஏழரைதான் தெரியும். தொகையை முன்னதாகவே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பத்து, ஒன்பது, எட்டு. ஆறு வினாடி இருக்கும்போது உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். திரை ஒரு கணம் வெளுத்து மீண்டது. ஏலம் முடிந்தது. விலை 42 பவுண்டு 37 பென்ஸ். வென்றவர் பெயர் இரண்டு எழுத்துகளும் சில நட்சத்திரக் குறிகளுமாக இருந்தது.

என் உச்சவரம்போடு சரியாக ஒரு படி. அந்த மனிதரின் உச்சவரம்பு நாற்பத்துமூன்றோ நானூறோ, யாருக்கும் தெரியாது. வியூகத்தில் நான் எந்தத் தவறும் செய்யவில்லை: மறைத்தேன், காத்திருந்தேன், சரியான நொடியில் இட்டேன். அவரும் அவ்வாறே செய்திருந்தார். அப்படி இருவர் இருக்கும்போது நொடிகளுக்கு மதிப்பில்லை. இருவரும் எழுதிவைத்த தொகைகள் மட்டுமே மோதுகின்றன.

பின்வந்த நாட்களில் என்னைத் துன்புறுத்தியது ஒன்றுதான். அந்த ஒரு பவுண்டைச் சேர்த்துக் கொடுத்திருப்பேனா என்று கேட்டால், தயங்காமல் கொடுத்திருப்பேன். ஐந்து பவுண்டும், பத்துப் பவுண்டும் கூடக் கொடுத்திருப்பேன். அப்படியென்றால் 41 பவுண்டு 37 பென்ஸ் என்பது என் விலையே அல்ல. அது பாம்பன் அட்டைகளை வாங்கிய யாரோ சிலரின் விலையை இரண்டால் பெருக்கியது. போட்டியின் சூடு என் மதிப்பை ஏற்றிவிடக் கூடாது என்று அஞ்சி, நான் அதை நேர்மையாகக் கேட்காமலே விட்டுவிட்டேன். ஒட்டுத்தலை கவரில் நிதானமில்லாமல் இழந்தேன். இங்கே நிதானத்தோடு தவறான எண்ணை எழுதி இழந்தேன். இப்போது நோட்டில் தொகையை எழுதியபின் அதன் அருகே இன்னொரு கேள்வியையும் எழுதுகிறேன்: இதைவிட ஒரு படி அதிகமாகக் கொடுத்து வேறொருவர் கொண்டுபோனால் நான் வருந்தாமல் இருப்பேனா? இல்லை என்றால் தொகையை அடித்துவிட்டு மேலே போகிறேன். சில முறை எதிர்பாராத உயரத்துக்குப் போயிருக்கிறேன்; பல முறை, பொருளின்மேல் எனக்கு உண்மையில் அவ்வளவு ஆசையில்லை என்பது தெரிந்து கீழே இறங்கியிருக்கிறேன். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் அட்டையைப் பற்றித்தான் கேட்டார். “பின்னாடி என்ன எழுதியிருந்துச்சு தம்பி?”

விற்பனையாளர் போட்ட படத்தை நான் கணினியில் சேமித்து வைத்திருந்தேன். அதை அவருக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். பென்சில் எழுத்து, ஆங்கிலத்தில் நான்கே வரி. காற்று பலமாக இருப்பதால் கப்பல் இன்னும் கிளம்பவில்லை, நேற்று இந்தப் படத்தில் உள்ள மண்டபத்தில் நடந்தோம், முடிவே தெரியாத நீளம், தலைமன்னார் போய்ச் சேர்ந்ததும் விரிவாக எழுதுகிறேன் என்று இருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, அந்த நான்கு வரியையும் இன்னொரு முறை படித்தார்.